வேகத்தின் நடுவே ஒருத்தி

(வேப்பந்தட்டையில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆள்கடத்தல் கதைகளைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சி, “எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை, சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை” என்றது. இன்னொரு கட்சி, “படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, மூடி வைத்தால் ஒருவர் முகமும் நினைவில் இல்லை, முடிவை ரெண்டு பக்கத்தில் முடித்துவிட்டார்கள்” என்றது. இரண்டு பேச்சையும் குறித்துக்கொண்டேன். இரண்டுமே உண்மை என்பதுதான் என் எண்ணம். ஆனால் இரண்டையும் சமாதானப்படுத்தி வைக்க நான் வரவில்லை. இந்தப் பிளவு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தால், கடத்தல் கதையின் உள்ளே இருக்கும் ஒரு பெரிய விஷயம் கைக்குக் கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் வேகத்தைப் பற்றி. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1980களிலும் 90களிலும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களில் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் எத்தனை பேரைப் படிக்க வைத்தன என்று நினைத்துப் பாருங்கள். மாலைமதி, ராணிமுத்து, பாக்கெட் நாவல், கிரைம் நாவல். திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், இறங்குவதற்குள் முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், ராத்திரிக் காவல்காரர்கள், மில் தொழிலாளிகள் படித்தார்கள். பாடப்புத்தகத்துக்குப் பிறகு அவர்களில் பலர் கையில் எடுத்த முதல் அச்சுத்தாள் இதுதான். கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமார், 1980இல் மாலைமதியில் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ நாவலோடு தொடங்கி 1500க்கு மேல் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா எல்லாரும் நம் வீட்டுக்கு மாதாமாதம் வந்துபோன சொந்தக்காரர்கள்.

அந்த வேகம் தானாக வந்ததல்ல. அதற்குத் தொழில் இருக்கிறது. அத்தியாயம் மூன்று நான்கு பக்கத்துக்கு மேல் போகாது. வர்ணனை குறைவு, பேச்சு அதிகம். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு கதவு தட்டப்படும், அல்லது ஒரு போன் மணி அடிக்கும். ராஜேஷ்குமார் பெரிதும் கையாண்ட முறை இரட்டைத் தடம்: ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை, இரட்டைப்படையில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். சுஜாதா படியிறங்குவதைச் சொல்லும்போது எழுத்துகளையே படிபோல அடுக்கிக் காட்டினார். வாசகனின் கண் நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கவலைப்பட்ட கைகள் இவை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன்.

முடிவு அவசரப்படுவதற்கும் காரணம் உண்டு. அச்சகத்தில் பக்கங்களைப் பாரம் பாரமாக அடிப்பார்கள். ஒரு பாரத்துக்குப் பதினாறு பக்கம். விலையும் பக்கமும் முன்கூட்டியே முடிவான புத்தகத்தில் கதை நீண்டால் இன்னொரு பாரம் சேர்க்க வேண்டும். அதற்குக் காகிதச் செலவு. ஆகவே குற்றவாளி கடைசி இரண்டு பக்கத்தில் தானே நின்று எல்லாவற்றையும் ஒப்பிப்பான். “முடிவு சப்பென்று இருக்கிறது” என்று இங்கே ஒரு தங்கை சொன்னாரே, அவர் கண்டுபிடித்தது எழுத்தாளரின் சோர்வை மட்டுமல்ல, அச்சகத்தின் கணக்கையும்தான்.

ஆனால் கொலைக் கதையும் இதே பாரக் கணக்கில்தான் எழுதப்பட்டது. கொலைக் கதையைப் பற்றி இவ்வளவு மனத்தாங்கல் வாசகர்களிடம் இல்லை. கடத்தல் கதையில் மட்டும் ஏன் ஏதோ குறைகிறது என்று தோன்றுகிறது?

கொலைக் கதை தொடங்கும்போது ஒருவர் இறந்துவிட்டிருப்பார். இனி அவருக்கு நேரம் இல்லை. மீதி நேரம் முழுவதும் துப்பறிகிறவருக்குச் சொந்தம்; அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நியாயம். கடத்தல் கதையில் அப்படியில்லை. ஒருத்தி உயிரோடு ஓர் அறையில் இருக்கிறாள். வெளியே கார்கள் பறக்கின்றன, கெடு நெருங்குகிறது, பணப்பை கைமாறுகிறது. உள்ளே நேரம் நகரவில்லை. சுவரில் ஒரு கறை, ஜன்னலில் ஒரு கோடு வெளிச்சம், காவலுக்கு இருப்பவனின் செருப்புச் சத்தம். ஒரே கதைக்குள் இரண்டு காலம் ஓடுகிறது. நம் வேக நாவல்களில் பெரும்பாலானவை வெளிக்காலத்தை மட்டும் எழுதி, உள்காலத்தை விட்டுவிட்டன. கடத்தப்பட்டவள் முதல் அத்தியாயத்தில் வாய் பொத்தப்படுகிறாள், கடைசி அத்தியாயத்தில் கட்டு அவிழ்க்கப்படுகிறாள். நடுவில் அவள் ஒரு சூட்கேஸ். ஓடிப் படித்தவருக்கு வெளிக்காலம் பிடித்தது. முகம் நினைவில்லை என்றவர் தேடியது உள்காலத்தை. நீங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் படிக்கவில்லை.

இந்த வாதம் நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1939இல் இங்கிலாந்தில் ஒரு கடத்தல் நாவல் வந்தது: ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் எழுதிய ‘நோ ஆர்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்’. சேஸ் என்ற பெயர் நம் பழைய புத்தகக் கடைகளில் அலசியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோடீஸ்வரன் மகளைச் சில்லறைத் திருடர்கள் கடத்துகிறார்கள். அவர்களிடமிருந்து அவளை ஒரு கொடூரக் கும்பல் பறித்துக்கொள்கிறது. கும்பலின் தலைவி ஒரு கிழவி, அவள் மகன் ஒரு சைத்தான். ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த 1940இல்தான் அந்தப் புத்தகத்துக்கு மிகப் பெரிய மவுசு. ஐந்து லட்சம் பிரதிக்குக் குறையாமல் விற்றதாக ஜார்ஜ் ஆர்வெல் எழுதினார்.

ஆர்வெல் நம் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். 1944இல் இந்த நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நேர்மை. மட்டமான புத்தகம் என்று தள்ளிவிடவில்லை. ஒரு சொல் வீணாகாமல், ஓர் இடம் பிசிறடிக்காமல் எழுதப்பட்ட கெட்டிக்கார எழுத்து என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகுதான் தன் மறுப்பைச் சொன்னார்: இந்தக் கதையில் வலுத்தவன் செய்வதே சட்டம், போலீசும் கும்பலும் செய்வது ஒன்றுதான், சம்பளம் மட்டும் வேறு இடத்திலிருந்து வருகிறது, வாசகன் அந்த முரட்டு பலத்தை ரசிக்கப் பழகுகிறான். அந்த மறுப்போடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். தலைப்பில்கூட அந்தப் பெண் அப்பாவின் குடும்பப் பெயரால்தான் அறியப்படுகிறாள். மீட்கப்பட்ட பிறகும் அவளால் வாழ முடியாமல், கடைசியில் உயிரை விடுகிறாள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று புரிந்துகொள்ள நமக்குத் தேவைப்படும் பக்கங்கள் எவையோ, சரியாக அவையே அந்த நாவலில் இல்லை.

வெள்ளைக்காரர் கதை போதும். நம்மிடமே இதற்கு எதிர்த்திசையில் எழுதப்பட்ட ஒரு கடத்தல் நாவல் நூறாண்டுக்கு முன்பே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் எழுதிய ‘மேனகா’. அவர் 1942இல் காலமானார். அவருடைய துப்பறியும் பாத்திரமான திகம்பர சாமியார் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்து, எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ‘மேனகா’ அதற்கும் முன்பே, 1935இல், டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாயிற்று.

மேனகா ஒரு டெபுடி கலெக்டர் மகள். சென்னையில் வக்கீல் வராகசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டில் நாத்தனார்கள் சூழ்ச்சி செய்து, ஒரு பணக்காரனிடம் அவளை விலைபேசி அனுப்பிவிடுகிறார்கள். கடத்துகிறவன் முகமூடி போட்ட அந்நியன் அல்ல. வீட்டுக்குள்ளேயே, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். இந்த ஓர் இடம் போதும், அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் அந்த நாவலை அப்படிப் படித்தார்கள் என்று விளங்கிக்கொள்ள. இன்றைய கண்ணில் அது நீளம்தான். பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் புலம்புவார்கள், உபதேசம் வேறு. இன்றைய கிரைம் நாவல் வாசகர் முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிடலாம். ஆனால் மேனகா அகப்பட்டுக்கொண்ட வீட்டில் நடப்பதை வடுவூரார் தாண்டிப் போகவில்லை. அங்கே நின்றார். அவள் பயப்படுகிறாள், யோசிக்கிறாள், வாதாடுகிறாள், சாகத் துணிகிறாள். அவளைக் காப்பாற்றுகிறவள் யார்? விலை கொடுத்து வாங்கியவனின் மனைவி நூர்ஜஹான். ஒரு பெண்ணின் அவமானத்தை இன்னொரு பெண் உணர்ந்து, சொந்தக் கணவனை எதிர்த்து நிற்கிறாள். மதம் அவர்களுக்கு நடுவே வரவில்லை. துப்பறிகிறவர் வந்து சேர்வதற்கு முன்பே, அடைபட்ட இடத்துக்குள்ளேயே மீட்பு தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட நாவல்களைப் பற்றி ஊர் இரண்டு பட்டுத்தான் கிடந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்கள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்காமல் மனத்துக்குள் படிப்பதே பலருக்குக் கலக்கமாக இருந்தது. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்று படித்தவர்களே பயந்தார்கள். புதுமைப்பித்தன் போன்றவர்கள் வேறு காரணத்துக்காக, அந்நிய நாவல்களைத் தழுவி நம் பெயர் சூட்டும் வழக்கத்தை, கடுமையாக எதிர்த்தார்கள். புதுமைப்பித்தன் சொன்னதில் நியாயம் இருந்தது. பெண்களைப் பற்றிப் பயந்தவர்கள் சொன்னதில் நியாயம் எதுவும் இல்லை. வாசகரைக் குறை சொல்வதும் நூலைக் குறை சொல்வதும் வேறு வேறு என்பதை இன்றும் நாம் மறக்கக் கூடாது. மாத நாவல் படிக்கிறவரை மட்டமாகப் பார்க்கிற இலக்கியக்காரரிடம் எனக்குக் கோபமே வருகிறது.

சுஜாதாவிடம் வருகிறேன், அவரை விட்டால் இங்கே பாதிப்பேர் எழுந்துபோய்விடுவீர்கள். ‘பிரியா’ குமுதத்தில் தொடராக வந்தது. நடிகை ஒருத்தி படப்பிடிப்புக்காக லண்டன் போக, வக்கீல் கணேஷும் பின்னால் போக நேரும் கதை. 1978இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்த படமாக வந்தபோது லண்டன் சிங்கப்பூராயிற்று, கணேஷுக்கு டூயட் வந்தது. நாவலைப் படித்தவர்கள் படத்தில் கணேஷைக் காணோம் என்று ஆதங்கப்பட்டார்கள். பாட்டைக் கேட்டவர்கள் படத்தைக் கொண்டாடினார்கள். எனக்குத் தோன்றுவது, புத்தகத்திலும் படத்திலும் தலைப்பு அவள் பெயர், கதை அவளைத் தேடுகிறவர்களுடையது. சுஜாதாவின் மொழி வேகத்தை மிஞ்ச இன்றுவரை ஆள் இல்லை. அந்த வேகம் பிரியாவின் பக்கம் திரும்பியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திப்போனான். அவருக்கு வயது 71. நம்மில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கும். டீக்கடையில் பேப்பர் வந்து விழுந்ததும் கூட்டம் கூடும். தூதுவராகக் காட்டுக்குள் போன பத்திரிகையாளர் நக்கீரன் கோபால் என்ன கேசட் கொண்டுவந்தார், கோரிக்கை என்ன, காவிரி என்கிறானா, பெங்களூரில் திருவள்ளுவர் சிலை என்கிறானா என்று ஒரு தொடர்கதை மாதிரிதான் நாமெல்லாம் பின்தொடர்ந்தோம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன நம் பக்கத்து ஆட்களுக்கு அது தொடர்கதை அல்ல. அங்கே தமிழர்கள் பயத்தில் இருந்தார்கள், வீட்டில் இருந்தவர்களுக்குத் தூக்கம் இல்லை.

108 நாட்கள். நவம்பர் 15ஆம் தேதிதான் அவர் விடுதலையானார். 108 நாளில் ஒரு நாவலாசிரியர் ‘பரபரப்பு’ என்று சொல்லக்கூடிய நாட்கள் எத்தனை இருந்திருக்கும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நாட்களில் ஒரு வயதானவர் மழையிலும் அட்டைக்கடியிலும் காட்டில் நடந்தார், தார்ப்பாய்க்குக் கீழே படுத்தார், பொழுது விடியக் காத்திருந்தார். நாம் பேப்பரில் படித்தது அந்தச் சில நாட்களை. அவர் வாழ்ந்தது மற்ற எல்லா நாட்களையும். நிஜக் கடத்தலின் எடை முழுவதும் அந்த ஒன்றும் நடக்காத நாட்களில் இருக்கிறது. நம் கடத்தல் நாவல்கள் வெட்டி எறிவதும் அதே நாட்களைத்தான்.

“அதை எழுதினால் போரடிக்காதா?” என்று தம்பி ஒருவர் கேட்பது முகத்தில் தெரிகிறது. போரடிக்காமல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஜான் ஃபௌல்ஸ் 1963இல் எழுதிய ‘தி கலெக்டர்’ நாவலில் வண்ணத்துப்பூச்சி சேகரிக்கிற ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்தி நிலவறையில் வைக்கிறான். அவன் வாயால் கதை போகிறது. பாதியில் அவளுடைய டைரி தொடங்குகிறது. அதுவரை நாம் அவன் கண்ணால் பார்த்த அதே நாட்கள் அவள் கையெழுத்தில் வரும்போது வயிறு கலங்கிவிடுகிறது. 2010இல் எம்மா டானஹியூ எழுதிய ‘ரூம்’ நாவலை ஐந்து வயதுச் சிறுவன் சொல்கிறான். கடத்தப்பட்ட தாய்க்கு அந்த அறையிலேயே பிறந்த பிள்ளை. அவனுக்கு அந்த அறைதான் உலகம். துரத்தல் மிகச் சில பக்கங்கள்தான், ஆனால் அந்தப் பக்கங்களில் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அறையில் நாமும் அவர்களோடு அத்தனை நாள் இருந்துவிட்டோம் அல்லவா? வேகத்துக்கு விலை கூடுவது அப்படித்தான்.

இவ்வளவு தூரம் போகாமலே இதைச் சொல்லியிருக்கலாம். நம் பாட்டிமார் தினம் படித்த கதையே கடத்தல் கதைதான். இராவணன் சீதையைத் தூக்கிப்போனதுதான் இராமாயணத்தின் அச்சாணி. ஆறு காண்டத்தில் வீட்டில் கஷ்டம் வந்தால் எடுத்துப் படிப்பது எது? சுந்தர காண்டம். போர் நடக்கும் காண்டமல்ல. கடத்தப்பட்டவள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் காண்டம். வேகத்துக்கும் அதில் குறைவில்லை. அனுமன் கடலையே தாண்டுகிறான். ஆனால் அந்த வேகமெல்லாம் போய் நிற்பது அசோகவனத்தில், அசையாமல் இருக்கும் ஒருத்தியின் முன்னால். வால்மீகியில் இராவணன் கொடுத்த பன்னிரண்டு மாதக் கெடுவில் இரண்டு மாதம் மிச்சம். இன்றைய திரில்லருக்கு வேண்டிய கெடிகாரம் அங்கேயே ஓடுகிறது.

கம்பன் இன்னும் ஒரு படி போனான். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். கதையின் போக்கு இதனால் மாறவில்லை. கடத்தப்பட்டவளின் மேல் ஒரு கவிஞனுக்கு இருந்த அக்கறையால் நடந்த மாற்றம் அது. கடத்தல் நடக்கும் கணத்தில்கூட அவன் துரத்தலை நினைக்கவில்லை, அவளை நினைத்தான்.

அனுமன் வந்து, “என் தோளில் ஏறிக்கொள்ளுங்கள் தாயே, இப்போதே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்” என்கிற பொருளில் சொல்கிறான். எந்தக் கிரைம் நாவலிலும் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். சீதை மறுக்கிறாள். உலகங்களையே தன் சொல்லால் எரித்துவிடத் தன்னால் முடியும், ஆனால் அது தன் கணவனின் வில்லுக்கு இழுக்கு என்று எரிக்காமல் இருப்பதாகக் கம்பனின் சீதை சொல்கிறாள். வஞ்சித்துக் கொண்டுவந்தவனிடமிருந்து மறைவாகத் திரும்பிப் போக அவளுக்குச் சம்மதம் இல்லை. ஒரு மாதம் உயிரோடு இருப்பேன் என்று அவளே கெடு வைத்துச் செய்தி அனுப்புகிறாள். அவளுடைய அந்த முடிவை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். இன்று பல பெண்கள் அதை எதிர்த்து எழுதுகிறார்கள், எழுதட்டும். நான் காட்ட வருவது, அடைபட்டவளுக்கு அங்கே ஒரு முடிவு எடுக்கும் உரிமை இருந்தது என்பதை. தன்னை யார் மீட்க வேண்டும், எப்படி மீட்க வேண்டும் என்பதை அவள் சொன்னாள். கதை அவள் சொன்னபடி நடந்தது.

இந்தக் கூட்டத்தில் எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் இருக்கிறீர்கள். கைப்பேசியிலேயே தொடர்கதை எழுதி மாதம் ஒரு நாவல் முடிக்கிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் உண்டு. உங்களிடம் நான் வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கடத்தியவன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசிய காலம் போய், இப்போது சிக்னல் கோபுரத்தையும் சிசிடிவி கேமராவையும் வைத்துப் போலீசார் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். துரத்தலை நீட்டுவதே இனி கடினம். வெளியே துப்புக் கிடைப்பது சுலபமாகிவிட்ட காலத்தில் கதைக்கு மிச்சமிருக்கும் இடம் அந்த அறைதான். இரட்டைத் தட முறை உங்களுக்குக் கைவந்த முறை. ஒரு தடத்தைப் போலீசுக்குக் கொடுங்கள், இன்னொன்றை அவளுக்குக் கொடுங்கள். அடைபட்ட முதல் நாள் ராத்திரி அவள் என்ன நினைத்தாள், காவலுக்கு இருந்தவனிடம் தண்ணீர் கேட்டபோது எந்தக் குரலில் கேட்டாள், பயம் எந்த நாளில் கோபமாக மாறியது என்று எழுதுங்கள்.

வாசகர்களாகிய மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “பிடித்தது”, “பிடிக்கவில்லை” என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கத்தில் யாரைத் தேடினீர்கள், அவர் அங்கே இருந்தாரா என்று சொல்லுங்கள். ‘மேனகா’ இன்றும் அச்சில் கிடைக்கிறது. நூலகத்தில் இல்லையென்றால் வேண்டுகைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கேட்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த கூட்டத்துக்குள் நாலு பேராவது அதைப் படித்துவிட்டு வந்து, அலுப்பாக இருந்த இடங்களையும் நூர்ஜஹான் வரும் இடங்களையும் பக்க எண்ணோடு சொன்னால், மீதி விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.